முட்டையா, செல்லா, எம்ஆர்என்ஏவா? பறவைக் காய்ச்சலுக்கு எந்த ஊசியை நம்புவது?

சென்ற ஆண்டு அம்மாவைச் சளிக்காய்ச்சல் ஊசிக்கு அழைத்துப் போயிருந்தேன். தாதி பஞ்சை எடுத்த நேரத்தில் அம்மா கேட்டார்: “இதை முட்டையில செய்யறாங்களாமே, அப்படியாம்மா?” வயது 76, பிறந்ததிலிருந்து சைவம். தாதி மழுப்பவில்லை. “ஆமாங்கம்மா, முட்டையிலதான் வளர்க்கிறாங்க. சுத்தம் பண்ணித்தான் ஊசியில வருது, மிஞ்சுறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம்.” அம்மா சற்று யோசித்துக் கையை நீட்டினார். அந்தக் கேள்வி என்னைத்தான் விடவில்லை. ஆண்டுதோறும் போடுவதற்கு முட்டை போதும். பறவைக் காய்ச்சல் கிருமியான எச்5என்1 மனிதர்களிடையே பரவத் தொடங்கினால்?

பயம் காரணமில்லாமல் வரவில்லை. 2003 முதல் உலகில் 900க்கும் மேற்பட்டோருக்கு அது தொற்றி, பதிவானவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் விடுபட்டிருப்பார்கள், உண்மை விகிதம் குறைவாக இருக்கலாம். ஆனாலும் 2024ல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கே பரவிவிட்ட கிருமி இது.

முதலில் முட்டை. 10, 11 நாள் அடைகாத்த கருமுட்டையின் ஓட்டில் துளையிட்டுக் கிருமியைச் செலுத்துகிறார்கள். இரண்டு மூன்று நாளில் அது பெருகியதும் உள்ளிருக்கும் நீரை எடுத்து, கிருமியைச் செயலிழக்க வைக்கிறார்கள். 1940களிலிருந்து உலகம் போட்டுக்கொள்ளும் ஊசி, பாதுகாப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிருமியைத் தேர்ந்தெடுத்து மருந்து கைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆவதுதான் சிக்கல். 2009ல் அதைக் கண்ணாரப் பார்த்தோம். மே 27ல் சிங்கப்பூரில் எச்1என்1 எனும் பன்றிக் காய்ச்சலின் முதல் தொற்று. ஆண்டுக் கடைசியில் ஊசி வந்தபோது பெரிய அலை கடந்துபோயிருந்தது.

எண்ணிக்கையையும் பாருங்கள். இங்கே சிங்கப்பூரில் 6.1 மில்லியன் பேர். புதிய கிருமிக்கு ஆளுக்கு இரண்டு ஊசி, ஊசிக்குச் சுமார் ஒரு முட்டை என்றால் 12 மில்லியன் கருமுட்டை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்தால் குறைந்த மருந்தே போதும், உண்மைதான். ஆனால் எச்5என்1 கோழிகளைக் கொல்லும் நோய். மரபணுவில் அதன் கொடிய பகுதியை வெட்டியெடுக்காவிட்டால் முட்டைக்குள் இருக்கும் கருவையே கொன்றுவிடும். மருந்துக்கு முட்டையிடும் கோழிகளைத் தனிக் காவலில்தான் வளர்க்கிறார்கள். இருந்தும், நோய் தாக்கும் பறவையிடமே மருந்துக்குக் கையேந்தி நிற்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது செல். நாயின் சிறுநீரக செல்லில் கிருமியை வளர்த்துச் செய்யும் ஃப்ளூசெல்வாக்ஸ் என்ற சளிக்காய்ச்சல் ஊசி, 2012ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முட்டை வேண்டாம், ஆனால் கிருமியை வளர்க்கும் வேலை அப்படியே இருக்கிறது. 2013ல் வந்த ஃப்ளூபிளாக் என்ற புரத ஊசி ஒரு படி மேல். கிருமியே தேவையில்லை, மரபணு போதும். மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் செல்லில் கிருமியின் மேற்புறப் புரதத்தை உற்பத்தி செய்கிறார்கள். முட்டையில் வளரும்போது கிருமி லேசாக மாறிப்போகும் கோளாறும் இதில் இல்லை.

வேகத்தில் எம்ஆர்என்ஏவுக்கு ஈடில்லை. கிருமியின் புரதத்தை நம் உடம்பே செய்துகொள்ளக் குறிப்பு கொடுக்கும் ஊசி அது. 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் கொரோனா மரபணு வரிசை வெளியானது. மார்ச் 16ல் முதல் தன்னார்வலரின் கையில் ஊசி. அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 30ல், சிங்கப்பூரில் போடத் தொடங்கிவிட்டோம். சளிக்காய்ச்சலுக்கும் இது வேலை செய்கிறது: 50 வயதைத் தாண்டியவர்களிடம் தன் எம்ஆர்என்ஏ ஊசி வழக்கமான ஊசியைவிட 26.6 விழுக்காடு கூடுதல் பலன் தந்ததாக அமெரிக்க மருந்து நிறுவனமான மொடர்னா 2025ல் அறிவித்தது. காய்ச்சலும் கைவலியும் கூடுதல்தான், மறைப்பதற்கில்லை. பெரிய ஆபத்து அரசியலில் இருக்கிறது. மொடர்னாவின் பறவைக் காய்ச்சல் ஊசிக்கு ஒதுக்கிய பெருந்தொகையை அமெரிக்க அரசு 2025 மே மாதம் ரத்து செய்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது வயிறு கலங்கியது.

முதல் மூன்று நான்கு மாதத்துக்கு எம்ஆர்என்ஏவையும், அதன்பின் எல்லாருக்கும் சேரும் அளவுக்குப் புரத ஊசியையும் நம்புவேன். முட்டை மூன்றாமிடம். சின்னத் தீவுக்கு மருந்தின் வகையைவிட அது எங்கே தயாராகிறது என்பதே பெரிய கேள்வி. பல வகைத் தடுப்பூசிகளை மாற்றி மாற்றிச் செய்யக்கூடியதாகத் சிங்கப்பூரின் துவாஸில் பிரெஞ்சு மருந்து நிறுவனமான சனோஃபி கட்டியிருக்கும் ஆலையை அதனால்தான் ஆவலோடு கவனிக்கிறேன்.

அதுவரை முட்டை ஊசியை ஒதுக்க வேண்டாம். அது எச்5என்1ஐத் தடுக்காது. ஆனால் ஒரே உடம்பில் இரண்டு சளிக்காய்ச்சல் கிருமிகள் சேர்ந்து மரபணுவைப் பரிமாறிக்கொள்ளும் வாய்ப்பைக் குறைக்கும். டிசம்பரில் தொடங்கும் சளிக்காய்ச்சல் பருவத்துக்கு முன்பே, நவம்பரில் அம்மாவுக்கு நாள் பதிந்தாயிற்று.