ஹீட்டர் பிளக்: மலிவுச் சரக்கா, கம்பெனிச் சரக்கா?

கனடாவில் லாரி ஓட்டும் என் மச்சான், பனிக்காலத்தில் வண்டியை நிறுத்தியதும் பம்பரிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சுவர் பிளக்கில் சொருகிவிட்டுத்தான் தூங்கப் போவார். பிளாக் ஹீட்டர் என்று பேர். எஞ்சினுக்குள் சுற்றும் கூலன்ட் திரவத்தை ராத்திரி முழுக்கச் சூடாக வைத்திருக்கும். கடலூரில் அதற்கு என்ன வேலை? மார்கழி விடியலிலும் இங்கே 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும்.

ஆனாலும் என் பழைய டாடா ஏஸ், ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சின் உள்ளே சிவந்து சூடேற்றும் ஹீட்டர் பிளக் போனால், அந்த 20 டிகிரிக்கே மக்கர் பண்ணும். 702 சிசி, இரண்டு சிலிண்டர், ஐடிஐ (மறைமுக இன்ஜெக்ஷன்) எஞ்சின். டீசல் நேரே பிஸ்டன் மேல் விழாமல் தனியாக ஒரு சின்ன அறையில் விழுகிறது. காற்றை அமுக்கும்போது வரும் சூட்டில் ஒரு நல்ல பங்கை அந்த அறையின் குளிர்ந்த சுவரே விழுங்கிவிடும். அதை ஈடுகட்டத்தான் பிளக். நேரடி இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்களுக்கு நம் ஊரில் இந்தத் தலைவலி அவ்வளவாக இல்லை.

நான் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றிப் புதுச்சேரிக்குப் போகிறவன். நாலு மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். போன வருஷம் வெள்ளைப் புகையும் உதறலுமாக மூன்று தடவை செல்ஃப் அடித்த பிறகுதான் பிடித்தது. ஒரு பிளக் போயிருந்தது.

சோதிப்பது சுலபம்தான், ஒரு இடத்தில் ஏமாறாமல் இருந்தால். இரண்டு பிளக்கையும் இணைக்கும் தகட்டை முதலில் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் டெஸ்ட் லாம்ப் வைத்தால், நல்ல பிளக் வழியாகக் கரன்ட் போய் செத்த பிளக்கும் உயிரோடு இருப்பதுபோல் விளக்கு எரியும். மல்டிமீட்டரில் நல்ல பிளக் ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில்தான் காட்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டிப் பார்த்து, அதில் வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது? மலிவுச் சரக்கு கம்பெனிச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு விலை. மாட்டிய அன்று இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, சொல்லப்போனால் மலிவுதான் சீக்கிரம் சிவக்கிற மாதிரி இருந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட்டலாம் என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. வண்டி பிடிக்கவென்று ஈதர் ஸ்ப்ரே (சட்டென்று தீப்பிடிக்கும் திரவம்) அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், சிவந்த பிளக்கில் பட்டால் உள்ளேயே வெடிக்கும்.

என் கணக்கு மாறியது பிளக்கைக் கழற்றும்போது. மலிவுப் பிளக் எட்டு மாதத்தில் போனது. சீட்டைத் தூக்கி ஸ்பேனர் போட்ட மெக்கானிக் தம்பி, அரைச் சுற்றிலேயே நிறுத்திவிட்டார். "அண்ணே, மரை சுத்துது, ஆனா முனை வரமாட்டேங்குது." வளைத்து இழுத்தபோது முனை முறிந்து உள்ளேயே தங்கியது. எஞ்சின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித்தான் எடுத்தோம். தீக்குச்சித் தலைபோல முனை உப்பிக் கிடந்தது. புது கேஸ்கெட், கூலி, நாலு நாள் போன லோடு எல்லாம் சேர்ந்து, பிளக்கில் மிச்சம் பிடித்ததைப் பல மடங்கு விழுங்கிவிட்டது.

இப்போது போட்டிருப்பது பாஷ் கம்பெனிச் சரக்கு. போன மாதம் வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தேன், கரி படிந்திருந்தது, உப்பவில்லை, விரலாலேயே வந்தது. நல்ல பிளக்கில் சூடேறச் சூடேற மின்தடை கூடி, கரன்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் இரண்டாவது சுருள் உண்டு. மலிவில் அது சரியாக இல்லை என்பது என் ஊகம். ஒரே வண்டியில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முழுப் பழியையும் பிளக் மேல் போடவும் முடியாது, பிளக்குக்குக் கரன்ட்டைத் திறந்து மூடும் ரிலே ஒட்டிக்கொண்டு, வண்டி ஓடும்போதும் கரன்ட் கொடுத்தால் எந்தப் பிளக்கும் உப்பும். அதனால் சாவியைத் திருப்பி, நேரம் முடிந்ததும் பிளக்குக்குப் போகும் கரன்ட் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் புதுசை மாட்டுங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றுவதற்கு முந்தின ராத்திரி மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டு, காலையில் எஞ்சினைச் சூடாக்கி, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாக. நம் கடல் காற்றில் மேல் நட்டும் துருப்பிடிக்கும், முதலில் அதற்கும் ஒரு சொட்டு. புதுசைக் கையால் முழுக்கத் திருகிவிட்டு, கடைசியில் குட்டி ஸ்பேனரால் ஒரு பிடி போதும். நீளமான ஸ்பேனரை எடுத்தால் என் மெக்கானிக் தம்பி கையிலிருந்து பிடுங்கிவிடுவார்.