பாட்டுப் போட்டுக் காட்டினால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்

சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மதுரையில் என் ஸ்டூடியோ வேலையை ஒருவரிடம் மொத்த பேக்கேஜாக விட்டிருந்தேன். இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), மைக், மானிட்டர் ஸ்பீக்கர், கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், சுவருக்கு ஃபோம், ஒயரிங் என எல்லாமே அவர் பொறுப்பு. பணம் முழுவதும் கைக்குப் போன பிறகு இப்போது போனையே எடுப்பதில்லை.

ஒப்படைத்த அன்று மானிட்டரில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக் காட்டினார். வந்திருந்தவர்கள் எல்லோரும் அசந்துவிட்டார்கள். ஆனால் ஒருவரை மைக் முன்னால் நிறுத்திப் பாடவைத்து, ஹெட்ஃபோனில் கேட்கவைத்துப் பதிவு செய்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

முதலில் பாட வந்தது நாட்டுப்புறப் பாட்டுப் பாடும் அக்கா. "தம்பி, நான் பாடுறது எனக்கே பிந்திப் பிந்தி வருதுப்பா" என்றார். பார்த்தால், இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டரோடு வேலை செய்யவைக்கும் அதற்கு உரிய டிரைவர் சாஃப்ட்வேரையே போடவில்லை. ஏதோ பொது டிரைவரில் ஓட்டி, கரகரப்பு வராமலிருக்க பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை, 1024 சாம்பிளில் வைத்திருக்கிறார். நொடிக்கு 48,000 சாம்பிள் (48 கிலோஹெர்ட்ஸ்) என்ற வேகத்தில் அது ஒரு வழிக்கே சுமார் 21 மில்லிசெகண்ட். உள்ளே போய் வெளியே வர இரண்டு மடங்கு. தாளத்தில் நின்று பாடுகிறவர் என்ன செய்வார்? சரியான டிரைவரைப் போட்டு 128-க்குக் குறைத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அப்போதே இன்டர்ஃபேஸைப் பதிவு செய்துவிடலாம் என்று சீரியல் எண்ணைப் போட்டேன். அது வேறு யாரோ பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. புதுசு என்று விற்றது பழைய பெட்டி.

சாஃப்ட்வேர், அதனோடு சேரும் பிளக்இன் எல்லாமே கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாத திருட்டுப் பிரதி. அவை ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸ் டிஃபெண்டர் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதற்குத் தனியாகக் காசும் வாங்கினார். ரீப்பர் மாதிரி ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்; சிறு தொழில் செய்பவர்களுக்கு லைசென்ஸ் 60 டாலர்தான். சுவரில் ஒட்டிய ஒரு அங்குல ஃபோமும் கண்துடைப்பு. அது கூர்மையான ஒலியைக் குறைக்கும், பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்யாது.

இதெல்லாம் பணத்தோடு போச்சு. ஒயரிங் விஷயம்தான் என்னை இன்னும் பதறவைக்கிறது. மானிட்டரில் ஓயாமல் ஓர் உறுமல் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஏரியா எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சாக்கெட்டைக் கழற்றினார். எர்த் பின்னுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயர். எர்த் குழியிலிருந்து ஸ்டூடியோவுக்கு ஒயரே இழுக்கவில்லை. விளக்கு எரிகிற சாக்கெட் டெஸ்டரைச் செருகினால்கூட இதில் 'சரி' என்றே காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் 230 வோல்ட் நேராகச் சாதனங்களின் உலோகப் பெட்டிக்கு வரும். அங்கிருந்து கேபிள் வழியாக மைக்குக்கும் வரலாம். உதட்டை ஒட்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா அரை நாள் பாடியிருக்கிறார்.

"பில் போட்டா 18 சதவீதம் கூட ஆகும்ணே" என்று சொல்லியே ஜிஎஸ்டி பில்லைத் தட்டிக்கழித்தார். ஆனால் வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் பேச்சும் என்னிடம் இருக்கின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். 'தொழிலுக்கு வாங்கியது, கேஸ் நிற்காது' என்று பயமுறுத்துவார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் 2019 சட்டப்படி நுகர்வோர்தான்.

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, லைசென்ஸும் சீரியல் எண்ணும் உங்கள் பெயரில் பதிவாவதைக் கண்ணால் பார்த்த பிறகே கொடுங்கள். ஏற்கெனவே இப்படிப் பேக்கேஜாக யாரிடமாவது செய்து வாங்கியிருந்தால், அடுத்த பாடகர் மைக்கைத் தொடுவதற்கு முன்னால் வேறொரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.