ருமேனியா வெல்டிங் வேலை என்று 685,000 ரூபா எடுத்த ஏஜென்சி: கொழும்பில் இருப்பவர்கள் கவனம்

தம்பியின் 685,000 ரூபா போய்விட்டது. இனி வராது என்பது நேற்றுப் பின்னேரம்தான் உறுதியானது. ஆத்திரம் அடங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே எழுதுகிறேன். நேற்று நாங்கள் படியிறங்கும்போதும் அதே கதிரைகளில் ஏழெட்டுப் பொடியன்கள் பைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பெயரை எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி, கொழும்பில், மேல்மாடியில் ஏசி போட்ட ஒபிஸ். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"இங்கேயே உழைக்கலாமே, ஏன் போகணும்" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். தம்பி என்.வி.கியூ. (தேசியத் தொழிற்தகைமை) 4 முடித்த வெல்டர், பைப் வேலை செய்வான். கொழும்பில் அவனுக்கு நாட்கூலி 4,000 ரூபா. 26 நாளும் வேலை இருந்தால் மாதம் 104,000. மழை, கரண்ட் கட், சாமான் வரவில்லை என்று நாலு நாள் போனால் 88,000. ருமேனியாவில் சொன்ன சம்பளம் 900 யூரோ, அதாவது மூன்று லட்சம் ரூபாவுக்கு மேல். தங்குமிடம் கொம்பனி தரும். அதே புகை, அதே கண்ணெரிச்சல், கூலி மூன்று மடங்கு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360க்குப் போனபோது கட்டட வேலைகள் அப்படியே நின்றன. அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கென்று நாட்டைவிட்டுப் போனார்கள். டொக்டர், நர்ஸ், இன்ஜினியர் போனதைப் பேப்பரில் போட்டார்கள். வெல்டரும் மேசனும் போனதைத் தெருவில் உள்ளவர்கள்தான் கவனித்தார்கள். இந்த ஏஜென்சிகள் பிழைப்பது அந்த மூன்று மடங்கை நம்பித்தான்.

நம்பிய இடத்தைச் சொல்கிறேன். கவுண்டரில் இருந்த அக்கா நல்ல தமிழ் கதைத்தார். பாஸ்போட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, வெறுமையான பக்கங்களை எண்ணினார். காசுக்கு என்ன செய்வீங்க என்று கேட்டார். அம்மாவின் நகையை விற்கப் போவதாகத் தம்பி சொன்னதும், "விற்காதீங்க தம்பி, அடகு வைங்க. மூணு மாசத்துல சம்பளம் வரும், மீட்டுடலாம்" என்றார். அந்த ஒரு சொல்லில் அம்மா முழுதாக நம்பிவிட்டார். ஏமாற்றுகிறவள் நகையைக் காப்பாற்றச் சொல்லுவாளா என்றார். செட்டியார் தெருவில் வைத்த சங்கிலியும் நாலு காப்பும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

வெல்டிங் தெரிந்தவர்கள் அடுத்த விஷயத்தைக் கவனமாக வாசியுங்கள். ட்ரேட் டெஸ்டுக்கும் மெடிக்கலுக்கும் 45,000 வாங்கினார்கள். பைப் வெல்டருக்கான 6ஜி டெஸ்ட் என்றால் பைப்பை 45 பாகை சரிவில் இறுக்கிப் பூட்டி வைப்பார்கள், திருப்ப விடமாட்டார்கள். ஆள்தான் சுற்றிச்சுற்றி, தலைக்கு மேலும் கீழும் ஒட்ட வேண்டும். ரூட்டுக்கு, அதாவது அடி ஒட்டுக்கு, 3 மில்லிமீற்றர் அளவில் இடைவெளி விட்டு டிக்கில் (கேஸ் வைத்து ஒட்டும் முறை) போட்டு, மேலே 7018 என்ற வெல்டிங் கூரால் நிரப்புவது வழக்கம். அந்தக் கூரைச் சூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்துத்தான் தருவார்கள். ஈரம் பிடித்த 7018இல் ஊசித்துளை விழும், ஒட்டு பிறகு வெடிக்கும். முடிந்ததும் துண்டில் ஆளின் இலக்கத்தைக் குத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது கீற்றாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். வேலை தருகிற கொம்பனியின் ஆளோ, வெளியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டரோ பக்கத்தில் நிற்பார்.

இங்கே நடந்தது வேறு. வத்தளைப் பக்கம் ஒரு தகரக் கொட்டில். 6 மில்லிமீற்றர் தகடு இரண்டை மேசையில் படுக்க வைத்து ஒட்டச் சொன்னார்கள். அது 1ஜி. பழகத் தொடங்கிய பையனும் ஒட்டுவான். கூர் சாதாரண 6013, கிழிந்த பக்கெற்றிலிருந்து. பத்து நிமிடத்தில் போனில் ஒரு படம் எடுத்து "பாஸ்" என்றார்கள். இலக்கம் குத்தவில்லை, வெட்டவில்லை, வளைக்கவில்லை. கையில் வந்த சான்றிதழில் 6ஜி என்று இருக்கிறது. அன்று இரவே தம்பி "அண்ணா, அது டெஸ்டே இல்ல" என்றான். லேசாக முடிந்தது நல்லதுதானே என்று நாங்கள் அவன் வாயை அடைத்துவிட்டோம். அன்றைக்கு நிறுத்தியிருந்தால் 45,000த்தோடு போயிருக்கும்.

பிறகு வேலை அனுமதிக்கு என்று 240,000. ருமேனியாவில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது அங்குள்ள முதலாளி. அந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களம் அதை முதலாளிக்குத்தான் கொடுக்கும். வட்ஸ்அப்பில் வந்த பிடிஎப்பில் தம்பியின் பெயர் ஒரு எழுத்துருவில், மற்றதெல்லாம் வேறு எழுத்துருவில். பாஸ்போட் இலக்கத்தில் இரண்டு எண் இடம் மாறியிருந்தது. அங்கே ஒவ்வொரு கொம்பனிக்கும் சியுஐ என்று ஒரு வரி இலக்கம் உண்டு. ருமேனிய நிதி அமைச்சின் இணையத்தளத்தில் அதைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். காசு முழுவதையும் கட்டிய பிறகுதான் பார்த்தோம். கப்பல் கட்டும் தளம் என்று சொன்ன இடம் ஒரு பேக்கரி.

கடைசியாக "எம்பசிச் செலவு" 400,000. வேலைக்கான நெடுநாள் வீசாவுக்குத் தூதரகக் கட்டணம் 120 யூரோ. நாற்பதாயிரம் ரூபா சொச்சம். மீதி எதற்கு என்று கேட்டதற்கு "ப்ரோசஸிங்" என்றார்கள். 45,000, 240,000, 400,000. மொத்தம் 685,000.

அதற்குப் பிறகு கிடைத்ததெல்லாம் பதில்கள்தான். முதல் மாதம் "அப்பொயின்ட்மென்ட் கிடைக்கல, எல்லாருக்கும் அப்படித்தான்." இரண்டாம் மாதம் "சேர் டுபாய் போயிருக்கார்." மூன்றாம் மாதம் "சட்டம் மாறிடுச்சு, இன்னும் 50,000 கட்டினா பைலை போலந்துக்கு மாத்தித் தாறோம்." நகையை அடகு வைக்கச் சொன்ன அக்கா போனை எடுப்பதே இல்லை. செய்திக்கு நீலச்சரி விழும், பதில் வராது. நேரில் போனால் "மெனேஜர் மீட்டிங்ல, இருங்க." காலை ஒன்பது மணிக்குப் போய் ஒன்றரை வரை இருந்தோம். அவர் பின்கதவால் போய்விட்டார் என்று தேத்தண்ணி கொண்டுவருகிற பையன்தான் சொன்னான்.

நேற்று ஒரு வழியாக மெனேஜரைப் பிடித்தபோது அவர் மேசையில் எடுத்து வைத்தது எங்களுடைய பற்றுச்சீட்டுகளைத்தான். மூன்றிலும் "வீசா" என்ற சொல் இல்லை. "ருமேனியா" இல்லை. ஆங்கிலத்தில் "ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று இருக்கிறது. சீல் அடித்திருப்பது வேறொரு கொம்பனியின் பெயரில். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் அந்தக் கொம்பனிக்கும் சம்பந்தமில்லை. அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சொல்லி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டோம். அது காலாவதியானது. இவ்வளவு நாளும் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் காசை எண்ணிக் கொடுத்தோம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். பொலிசுக்குப் போக வேண்டியிருக்கிறது, அதனால் சுருக்கமாக.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தில் ஏஜென்சியின் இலக்கத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் 1989க்கு எடுங்கள். அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் போகும் நாட்டுக்கு, உங்கள் வேலைக்கு, பணியகம் அங்கீகரித்த ஜொப் ஓடர் (வெளிநாட்டு முதலாளி ஆள் கேட்கும் கடிதம்) இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டில் நாடு, வேலை, எதற்கான காசு, மூன்றும் எழுதாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். சீலில் உள்ள பெயரும் அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். விசிட் வீசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். கொரியாவின் ஈபிஎஸ் என்ற அரசாங்கத் திட்ட வேலைக்குப் பணியகம் ஊடாக மட்டும்தான் போகலாம், அதற்கு ஏஜென்ட் என்று காசு கேட்டால் பொய். டெஸ்ட் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரதி போதும். தம்பியின் பாஸ்போட் இன்னும் அந்த அக்காவின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதைத் தருவதற்கு 25,000 கேட்கிறார்கள்.