சப்பாத்துப் பெட்டியா, வளையமா, போனா? சொல் அட்டைகள்: ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் கொரிய வேலைவாய்ப்புப் பரீட்சைக்குப் படிப்பவருக்கும், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் வேலைக்காக ஜெர்மன் படிப்பவருக்கும் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் வரும் சொல் அட்டை செய்ய மூன்று வழி உண்டு. வெட்டிய அட்டையைப் பெட்டியில் அடுக்கலாம், மூலையில் துளை போட்டு வளையத்தில் கோக்கலாம், போனில் அன்கி செயலியில் ஏற்றலாம். பார்க்க அழகானது வளையம். பயன் மிகக் குறைந்ததும் அதுதான்.

காரணம் வரிசை. வளையத்தில் அட்டைகள் இடம் மாறுவதில்லை. நாலு தரம் புரட்டியதும் சுத்தியலுக்கு அடுத்தது ஏணி என்ற வரிசைதான் மனதில் நிற்கும். ஏணியைத் தனியே கேட்டால் வாய் வராது. போதாததற்குக் கடற்காற்றில் இரும்பு வளையம் துருப்பிடித்து, துளையைச் சுற்றிக் கறை ஏறும். அன்று பிழையாகச் சொன்ன 20 அட்டையை மட்டும் பிளாஸ்டிக் வளையத்தில் கோத்து பஸ்ஸில் புரட்டலாம், அவ்வளவுதான்.

பெட்டி முறையைப் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர். ஜெர்மன் மொழியில் 1972இல் எழுதினார். சப்பாத்துப் பெட்டிக்குள் தடுப்பு வைத்து 5 அறை பிரியுங்கள். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை 2 நாளுக்கு ஒருமுறை, மற்றவற்றை 4, 8, 16 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை ஓர் அறை முன்னேறும். பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதலாவதுக்குத் திரும்பும். தினம் 10 புதிய அட்டை போட்டால், எல்லாம் சரியாகச் சொன்னாலும் சில வாரத்தில் அறைக்கு 10 வீதம் நாளொன்றுக்கு 50 அட்டை பார்க்க வேண்டிவரும். தினம் 30 என்று தொடங்குபவர்கள் கவிழ்வது இந்தக் கணக்கில்தான்.

22க்கு 28 அங்குல பிறிஸ்டல் போட் ஒன்றில், 28ஐ நாலு அங்குலமாகவும் 22ஐ இரண்டே முக்கால் அங்குலமாகவும் வெட்டினால் கழிவில்லாமல் 56 அட்டை. சாதாரண ஏ4 தாள் வேண்டாம். பின்பக்க எழுத்து ஊடே தெரியும். மாரி மழைக் காலத்தில் ஈரம் இழுத்து வளைந்து, பெட்டியில் நிமிர்ந்து நிற்காது. ஜெல் பேனை வியர்வை விரல் பட்டதும் கலையும். குமிழ்முனைப் பேனைதான் சரி.

எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்பது வேலையைப் பொறுத்தது. கொரியப் பரீட்சை வாசிப்பும் கேட்டலும்தான்; கொரியச் சொல்லைப் பார்த்துப் பொருள் சொன்னால் போதும். ஹோட்டலில் பேச வேண்டியவர் தமிழைப் பார்த்து ஜெர்மன் சொல்லிப் பழக வேண்டும். ஜெர்மன் பெயர்ச்சொல்லை அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டஸ் என்ற முன்சொல் இல்லாமல் எழுதவே கூடாது. மூன்றுக்கும் மூன்று நிறத்தில் ஓரம் தீட்டுங்கள். எதிர்ச்சொற்களை ஒரே நாளில் சேர்க்காதீர்கள். கொரியனில் சூடான காலநிலைக்கு தொப்தா, குளிருக்கு சுப்தா. இரண்டும் ஒன்றாக நுழைந்தால் எது எதுவென்று பல நாள் குழம்பும். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

காகிதம் தோற்கும் இடம் ஒலி. நெருப்பு, புல், கொம்பு மூன்றுக்கும் கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'புல்' என்றே வரும். கொரியக் காதுக்கு அவை வேறுவேறு. அதனால் தமிழில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தை விட்டு, 24 அடிப்படை எழுத்துகளை முதலில் முடித்துவிடுங்கள். கேட்டல் பகுதிக்கு அன்கிதான். ஆசிரியரிடம் கேட்டு அவர் குரலையே அட்டையில் பதியலாம். அன்ட்ரொய்ட் போனில் இலவசம், ஐபோனில் காசு. ஏற்றிய பின் டேட்டா இல்லாமலும் ஓடும். ஆயத்தமாகக் கிடைக்கும் தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடு வருவதால், தட்டச்சு வேலை மிச்சமாகும் என்று நம்ப வேண்டாம்.

எங்கள் தெரிவு: எழுத்துகளுக்கும் முதல் 300 சொல்லுக்கும் பெட்டி, பிறகு அன்கி. அதற்கு மேல் போனால் பெட்டியில் எந்த அறைக்கு எந்த நாள் என்று கணக்கு வைப்பதே தனி வேலையாகிவிடும். அன்கி தானாக நாளுக்கு 20 புதிய அட்டை தரும். நிறுவியவுடன் 10 ஆக்குங்கள். ஒரு வாரம் விட்டுப்போய் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால், புதியதைப் பூச்சியமாக்கி, பழையது தீரும்வரை தினம் 60 என்று எல்லை வையுங்கள்.