குடியை நிறுத்த எம்.ஐ. (மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்) தெரிந்த ஆலோசகர்: ஆன்லைனில் தேடியபோது பார்த்த வழிகள்

என் அண்ணன் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடிவதற்கு முன்னாலே தலையில் லைட் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவுகிற வேலை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இருபது வருஷமாகக் காயம் விழாமல் வெட்டியவன் அவன். போன வருஷம் சூப்பர்வைசர் வந்து மரங்களைக் காட்டிய பிறகுதான், காலையில் அவன் கை நடுங்குவது எங்களுக்குத் தெரிந்தது.

திட்டினோம். சாமி முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினோம். மாமாமார் நாலுபேர் வந்து உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பத்து நாள் தாங்கும், அப்புறம் பழையபடிதான். கடைசியில் மைனி, அதாவது அண்ணி, சுவரில் விளம்பரம் பார்த்து, 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும்' பொடியை வாங்கக் கிளம்பினார். அதைத் தடுத்த அன்றைக்குத்தான் இந்தத் தேடல் தொடங்கியது. அப்படிப்பட்ட பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாதிரி மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் ஒருவர் குடித்துவிட்டால், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்கள் அந்த மருந்தை ஆளிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுக்கிறார்கள்.

எம்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லும் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்கைப் பற்றி எனக்குச் சொன்னவர் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் குடிப்பழக்கம் உள்ளவர்களோடு எப்படிப் பேசுவது என்று எழுதிய கட்டுரையில் பிறந்தது இது. 1991-ல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதைப் புத்தகமாக்கினார். பெயரைப் பார்த்து, மேடையேறி உசுப்பேற்றும் மோட்டிவேஷன் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். இதில் ஆலோசகர் புத்தி சொல்ல மாட்டார். குடிக்கிறவருக்குள்ளே 'விட வேண்டும்' என்றும் 'விட முடியாது' என்றும் ஏற்கெனவே இரண்டு குரல் இருக்கிறது. நாம் முதல் குரலின் பக்கம் நின்று வாதாடினால், அவர் இரண்டாவதைத் தூக்கிப் பிடிப்பார். மாமாமார் பேச்சு தோற்றது அங்கேதான். எம்.ஐ. தெரிந்தவர் கேள்வி கேட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லி, விடுவதற்கான காரணத்தை அந்த ஆள் வாயிலிருந்தே வரவைப்பார்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது. காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது என்றால், அந்த ஆள் ஆன்லைன் ஆலோசனையை மட்டும் நம்பித் திடீரென்று நிறுத்தக்கூடாது. அதிகமாகக் குடித்துப் பழகிய உடம்புக்கு, நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதையடுத்து ஆள் நிலை தெரியாத குழப்பமும் வரலாம். உயிர் போகிற விஷயம் இது. அதனால் முதல் படி மனநல டாக்டர்தான். நாங்கள் தக்கலை வந்து பஸ் மாறி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமினும் அங்கே கிடைத்தன. உளவியலாளர் மருந்து எழுத முடியாது. ஆன்லைன் பேச்சு டாக்டருக்குப் பதிலாக வராது, டாக்டரோடு சேர்ந்து வரும்.

சரி, டாக்டரைப் பார்த்தாயிற்று. வாராவாரம் பேச ஆள் வேண்டும். அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவர் கண்ணில் படுவதே பெரிய கஷ்டம். ஒரு நாள் கூலியும் போகும். அதனால்தான் போனில் பேசும் ஆளைத் தேடினோம்.

முதலில் போனது ஒரு பெரிய ஆலோசனைச் செயலிக்கு. பெயர் சொல்லப் போவதில்லை. ஆள் கிடைக்கும் வேகத்தில் செயலிகளுக்கு ஈடு இல்லை, மாலையில் பதிவு செய்தால் மறுநாள் காலையில் பேசலாம். தமிழ் என்று தேர்ந்தெடுத்தோம். கிடைத்த ஆலோசகரின் பக்கத்தில் பதினான்கு சிகிச்சை முறைகள் வரிசையாக எழுதியிருந்தது, அதில் எம்.ஐ.யும் ஒன்று. 50 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். பத்து அமர்வு மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்றார்கள்.

அண்ணன் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். முதல் நாள் என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னான். ஐந்தாவது நிமிடத்தில், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்: "ராத்திரி வீட்டுக்கு வந்தது ஓர்மை இல்ல." எங்கள் பக்கம் ஓர்மை என்றால் நினைவு. குடித்துவிட்டு நடந்தது முழுக்க மறந்துபோவதைத்தான் அவன் சொன்னான். ஆலோசகர் காதில் அது 'ஒற்றுமை இல்ல' என்று விழுந்தது. குடும்ப ஒற்றுமை எவ்வளவு முக்கியம், மனைவியோடு எப்படி அனுசரித்துப் போக வேண்டும் என்று பேசத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு கல்லீரல் கெடுவது, புற்றுநோய், விபத்து. அண்ணன் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. "சரி மேடம், சரி மேடம்" என்று கேட்டுவிட்டு போனை என்னிடம் நீட்டினான். மாமாமாரிடமும் இதே 'சரி'தான்.

அவர் கெட்ட ஆலோசகர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எம்.ஐ. இல்லை. எம்.ஐ.யின் உயிரே ஆள் சொன்ன சொல்லைப் பிடித்து, அதையே அவருக்குக் காட்டுவதில் இருக்கிறது. சொல்லே புரியாவிட்டால் எதைக் காட்டுவது? புரியாத சொல் வந்த இடத்தில் "அப்படீன்னா என்ன?" என்று கேட்டிருந்தாலே போதும். மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று போட்டிருப்பதை நான் இப்போது அப்படியே நம்புவதில்லை.

இதே காரணத்தால் திருவனந்தபுரத்து ஆலோசகர் ஒருவரையும் விசாரித்தோம். ஓர்மை மலையாளத்திலும் ஓர்மைதான். விளவங்கோடு பக்கம் மலையாளத்திலேயே புழங்குகிறவர்களுக்கு இது நல்ல வழி. அண்ணன், கேட்டால் புரியும், உள்ளே இருப்பதை அதில் சொல்ல வராது என்றான். விட்டுவிட்டோம். வெளிநாட்டில் இருக்கும் தமிழ் ஆலோசகர்களில் எம்.ஐ.யில் நல்ல பயிற்சி பெற்றவர்கள் இருக்கலாம். ஆனால் கட்டணமும் நேர வித்தியாசமும், விடியும் முன் மரத்தடிக்குப் போகிறவனுக்கு ஒத்துவராது. அவசரம் என்றால் இங்கே எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்றும் அவர்களுக்குத் தெரியாது.

அரசின் 14416 என்ற உதவி எண் இதற்கு நேர் மறுபக்கம். டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. எந்த நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். தேவைப்பட்டால் மனநல டாக்டரோடு இணைப்பார்கள், மாவட்ட மனநலத் திட்டத்துக்கு வழி சொல்வார்கள். இரவு பதினொரு மணிக்கு மைனி அழுதுகொண்டு அழைத்தபோது எடுத்துப் பேசினார்கள். அந்த இரவுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் வாராவாரம் ஒரே ஆளோடு தொடர்ந்து பேச இது ஏற்ற இடமாக எங்களுக்கு அமையவில்லை. மூன்று முறை அழைத்தோம், மூன்று வேறு குரல்கள். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. போதை விஷயத்துக்கென்றே மத்திய அரசின் 14446 எண்ணும் இருக்கிறது. காசு கொடுக்க வழி இல்லாதவர்களும், எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களும் செயலிக்குப் போகும் முன் இந்த எண்களை அழைக்க வேண்டும் என்பேன். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களும் இலவசம்தான், பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன. ஆனால் நாலுபேர் முன்னால் எழுந்து பேச அண்ணன் தயாராக இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த வழி, தனியாக ஆன்லைனில் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்த வழியில் தேடுகிற வேலை முழுக்க நம் தலையில். செயலி செய்யும் வடிகட்டலை நாமே செய்ய வேண்டும். முதலில் பதிவு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்கிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். 'கவுன்சிலர்', 'லைஃப் கோச்' என்ற பெயர்களுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

ஆனால் பதிவு எண் இருப்பதால் மட்டும் அவருக்கு எம்.ஐ. வரும் என்று ஆகாது. எம்.ஐ. செய்வதற்கென்று தனி உரிமம் எங்கும் கிடையாது. மின்ட் என்ற சர்வதேச அமைப்பு பயிற்சி கொடுப்பவர்களுக்கானது, ஆலோசகர் பட்டியல் இல்லை. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்த சான்றிதழும் கொஞ்ச தூரம்தான் வரும். பயிற்சிக்குப் பிறகு பேச்சைக் கேட்டுத் திருத்தம் சொல்ல ஒருவர் இருந்தால்தான் திறமை நிற்கிறது என்று மில்லர் குழுவே 2004-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. அதனால் நான் மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "உங்க எம்.ஐ. பேச்சை வேற யாராவது கேட்டுத் திருத்தியிருக்காங்களா?" ஒருவர் சான்றிதழின் படத்தை அனுப்பினார். ஒருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர், திருநெல்வேலிக்காரர், படிக்கும்போது மேற்பார்வையாளர் தன் பேச்சுப் பதிவுகளைக் கேட்டு, தான் ஆட்களுக்குப் புத்தி சொன்ன இடங்களையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்ததைச் சொன்னார். அவரையே வைத்துக்கொண்டோம். 45 நிமிடத்துக்கு 1,000 ரூபாய்.

முதல் அழைப்பில் அவர் கேட்டது, "உங்கள எப்படிக் கூப்பிடணும்?" அண்ணன் கொஞ்சம் யோசித்து, "அண்ணாச்சின்னே கூப்பிடுங்க" என்றான். குடி பற்றி அவராக எடுக்கவில்லை. வேலை பற்றிக் கேட்டார், பால் வெட்டு பற்றிக் கேட்டார். அப்புறம் எம்.ஐ.யில் எல்லோரும் பயன்படுத்தும் அளவுகோல்: "குடியைக் குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0-லேர்ந்து 10 வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க." "நாலு." நானாக இருந்தால் ஏன் எட்டு இல்லை என்று கேட்டிருப்பேன். அவர் கேட்டார்: "ஏன் நாலு? ஒண்ணுன்னு ஏன் சொல்லல?"

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அவரும் அவசரப்படாமல் காத்திருந்தார். "மரத்துல காயம் விழுது," என்றான். "நான் வெட்டின மரத்துல அப்படி விழுந்ததே இல்ல."

"உங்க கை அப்படிப்பட்ட கை இல்ல."

"இல்ல," என்றான் அண்ணன்.

'ஏன் எட்டு இல்லை' என்று கேட்டிருந்தால் அவன் குடியை நியாயப்படுத்தும் காரணங்களைத் தேடியிருப்பான். 'ஏன் ஒன்று இல்லை' என்றதும் விடுவதற்கான காரணத்தைத் தேட வேண்டி வந்தது. நாங்கள் எத்தனை வருஷம் எத்தனை பேர் சொல்லியும் இந்த மரக் காயத்தை யாரும் எடுத்ததில்லை. எங்களுக்கு அது பெரிதாகவே தோன்றியிருக்காது.

முதல் அழைப்பிலேயே ஆளை எடை போட ஒரு கணக்கும் உண்டு. எம்.ஐ. பேச்சை மதிப்பிட ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவையில், ஒரு கேள்விக்கு ஒரு முறையாவது ஆள் சொன்னதைப் பிரதிபலித்தால், அதாவது திருப்பிச் சொன்னால், பரவாயில்லை, ஒரு கேள்விக்கு இரண்டு என்றால் நன்று. விரலில் எண்ணிப் பார்க்கலாம். கேள்வி மேல் கேள்வியாக வந்தால் அது விசாரணை. அறிவுரை மேல் அறிவுரையாக வந்தால் அது எங்கள் மாமாமார்.

மொத்தமாக அமர்வு விற்கும் இடங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்து 1997-ல் முடிவு வெளியான 'புராஜெக்ட் மேட்ச்' ஆய்வில், எம்.ஐ.யை அடிப்படையாகக் கொண்ட நான்கு அமர்வு சிகிச்சை, மற்ற இரண்டு வகையான பன்னிரண்டு அமர்வு சிகிச்சைகளோடு கிட்டத்தட்ட சமமாக நின்றது. அதனால் முதல் நாளே பத்துக்கும் இருபதுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. நாலு பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம். சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும், அண்ணனுக்குத் தேவைப்பட்டது.

வீடியோவா குரலா என்று கேட்டால், எங்களுக்குக் குரல்தான். மலைப்பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும், படம் உறைந்து நின்றால் பேச்சின் ஓட்டமே அறுந்துவிடும். முகம் தெரியாதது அவனுக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் ஆள் குடித்துவிட்டுப் பேசுகிறாரா, எடை குறைகிறதா என்பது குரலில் தெரியாது. அதை ஆசாரிப்பள்ளத்து டாக்டர் பார்த்துக்கொள்கிறார்.

அண்ணன் இன்னும் முழுதாக விடவில்லை. வாரத்தில் ஐந்து நாள் இல்லை, இரண்டு நாள் இருக்கிறது. போன மாதம் சொன்ன நம்பர் ஏழு என்று அவனாகவே என்னிடம் சொன்னான், ஏன் ஏழு என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவன் போனை எடுத்துக்கொண்டு ஷீட் கொட்டகைக்குப் போவான். மைனி டி.வி. சத்தத்தைக் குறைப்பார். நான் அந்தப் பக்கம் போவதில்லை.