சிங்கப்பூருக்குத் திருச்சியா, சென்னையா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு கணக்கு

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் பலர் டிக்கெட் விலையை மட்டும் பார்த்துச் சென்னைக்குச் சாய்கிறார்கள்.

வான்தூரம்: சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,900 கி.மீ., திருச்சியிலிருந்து அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

பறக்கும் நேரம்: இரண்டுக்கும் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுவதால், டிக்கெட்டில் போகும்போது ஆறரை மணி, வரும்போது ஒன்றரை மணி போலத் தெரியும். அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

தரைவழி: வித்தியாசமே இங்கேதான். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 60 கி.மீ.; காரில் ஒன்றேகால் மணி நேரம். சென்னைக்கு 300 கி.மீ.க்கு மேல், ஆறேழு மணி நேரம். கார் வாடகையே டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். ரயிலில் போனால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போங்கள். விமான நிலையம் எதிரிலேயே.

பெட்டி, சாப்பாடு: திருச்சியில் பெரும்பாலும் மலிவு விலை விமானங்கள், சில டிக்கெட்டுகளில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் கட்டணம். பெட்டி எடையை முன்பே வாங்குங்கள், கவுன்ட்டரில் விலை ஏறும்.

சென்னையில் சிங்கப்பூர் விமானம் ஏறுவதற்காகத் திருச்சி–சென்னை விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுப்பது ஆபத்து: முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

வயதானவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குத் திருச்சிதான். சிங்கப்பூர் தாண்டி ஆஸ்திரேலியா வரை ஒரே டிக்கெட்டில் போவோர் சென்னையையும் பார்க்கலாம். சீர்காழிக்காரர்களுக்கு இரண்டு ஊருக்குமான தூர வித்தியாசம் தஞ்சாவூர்க்காரர்களைவிடக் குறைவு. அவர்கள் தாராளமாக விலை பார்க்கலாம்.