பதிலை விடுங்கள், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்: சன்சத் தளத்தின் கேள்வி-பதில் சேவை

எங்கள் மாமா இபிஎஸ் 95, அதாவது பி.எஃப். பிடித்த ஊழியர்களுக்கான ஓய்வூதியம் வாங்குகிறவர். குறைந்தபட்ச ஓய்வூதியம் 7,500 ரூபாய் ஆகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும், அவரும் விடாமல் எனக்கு ஃபார்வர்டு செய்வார். அது உண்மையா என்று பார்க்கத்தான் முதன்முதலில் நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் தளத்தில் உள்ள கேள்விகள் பகுதிக்குள் போனேன். போனவன் ராத்திரி ஒரு மணி வரை வெளியே வரவில்லை.

மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சகங்கள் கொடுத்த பதில்களும் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடக்கின்றன. எம்.பி. பெயர், அமைச்சகம், கூட்டத்தொடர் என்று சலித்து எடுக்கலாம். காசு கிடையாது, ஓடிபி கிடையாது. பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் என்பதுதான் பெரிய குறை. அவையில் ஒருவர் தமிழில் எழுந்து பேசினால் மற்றவர்கள் கேட்க உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு, ஆனால் அவருக்கு ஓட்டுப் போட்டவர் பதிலைத் தமிழில் படிக்க வழியில்லை.

சரி, பதில்கள் எப்படி? சொல்லப்போனால் பாதிக்கு மேல் பழைய சோறுதான்.

மாமா விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். இதை உயர்த்தும் எண்ணம் உண்டா என்று கட்சி வித்தியாசமில்லாமல், பல மாநில எம்.பி.க்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரும் பதில் கிட்டத்தட்ட ஒரே பத்தி: சம்பளத்தில் முதலாளி தரப்பில் 8.33 சதவீதம், அரசு தரப்பில் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும் 1.16 சதவீதம், அதிலிருந்துதான் எல்லோருக்கும் கொடுக்கிறோம், 31.3.2019 மதிப்பீட்டின்படி நிதியில் பற்றாக்குறை இருக்கிறது, அப்படி இருந்தும் பட்ஜெட்டிலிருந்து பணம் போட்டு ஆயிரத்தைக் கொடுக்கிறோம். உயர்த்துவோம் என்றும் இல்லை, மாட்டோம் என்றும் இல்லை. பெட்ரோல் விலைக்கும் இதே கதை. பெட்ரோல் விலை 26.6.2010 முதலும் டீசல் விலை 19.10.2014 முதலும் சந்தையால் தீர்மானிக்கப்படுகிறது என்று பதில் ஆரம்பிக்கும். இத்தனை பதில்களைப் படித்ததில் இந்த இரண்டு தேதியும் எனக்குச் சொந்தக்காரர்களின் கல்யாண நாள் மாதிரி மனப்பாடம். கல்வி என்றால் முதல் வரியிலேயே 'கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது' (ஒன்றியம், மாநிலம் இரண்டுக்கும் பொது) என்று வந்து நிற்கும், அப்புறம் மீதியை மாநிலத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதைப் பார்த்து நானும் ஆரம்பத்தில் சேவையே வீண் என்றுதான் நினைத்தேன். தப்பு என் பேரில்தான், ஏனென்றால் நான் பதிலின் முதல் பக்கத்தோடு மூடிக்கொண்டிருந்தேன். சரக்கு இருப்பது கடைசிப் பக்கத்தில், 'இணைப்பு' என்று போட்டு மாநில வாரியாக வரும் அட்டவணையில். ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 வயதானால் 500. தமிழ்நாட்டில் 2023 முதல் முதியோர் உதவித்தொகை 1,200. ஒன்றிய அரசுத் திட்டத்தில் இருக்கும் 65 வயதுப் பாட்டி வாங்கும் 1,200 ரூபாயில் டெல்லியிலிருந்து வருவது 200 மட்டும்தான் என்பது எந்த மேடைப் பேச்சையும் விட இந்த அட்டவணைகளில்தான் பளிச்சென்று தெரிகிறது. எந்த மாநிலத்தில் எத்தனை பேர், எந்த ஆண்டு எவ்வளவு விடுவித்தார்கள், எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரே கேள்விக்கு மூன்று ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு பதில்களை எடுத்து அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சீரியல் தோற்றுவிடும்.

இன்னொன்று, இரண்டு வகைக் கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230 வரை. குறியிடாததற்கு எழுத்தில் பதில், அதோடு முடிந்தது. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சரே எழுந்து பதில் சொல்ல வேண்டும், அங்கேயே துணைக் கேள்வியும் கேட்கலாம். அதாவது எழுதி வைத்த பத்தியைத் தாண்டி அமைச்சரைப் பேச வைக்கும் இடம் அதுதான். 2025 மார்ச் 10 அன்று திமுக எம்.பி. தமிழச்சி தங்கபாண்டியன் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டம் பற்றித் துணைக் கேள்வி கேட்டபோது, அந்தத் திட்டத்தில் சேராததால் தமிழ்நாட்டுக்கு வராத சமக்ர சிக்ஷா (ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வி நிதி) பணம் 2,152 கோடி ரூபாய் பற்றிய சண்டை அவைக்குள் வெடித்தது. கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் தான் சொன்ன ஒரு சொல்லை அன்றைக்கே திரும்பப் பெற வேண்டி வந்தது. எழுத்துப் பதிலில் இந்தச் சூடு வரவே வராது. அந்த மாதிரி நாளுக்கு பிடிஎஃப் போதாது, சன்சத் டிவி பதிவைப் பாருங்கள். ஆனால் 'கேள்வி நேரம்' எனப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் இருபதும் முடிவதில்லை, அமளி வந்தால் ஒன்றுகூட நடக்காது, மிச்சமெல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும்.

வேகம் எதிர்பார்க்காதீர்கள். கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் நேற்று ஏறிய சிலிண்டர் விலைக்கு இன்று பதில் தேடினால் கிடைக்காது. கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில் கடை மூடல். 2020 செப்டம்பரில் கொரோனா என்று சொல்லி கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள், எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன.

'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் சும்மா கடந்துவிடாதீர்கள். அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனியாக ஒரு குழு இருக்கிறது. அமைச்சகங்கள் அந்தக் குழுவிடமே வந்து, இந்த உறுதிமொழியைக் கைவிட அனுமதியுங்கள் என்று கேட்பதும் உண்டு, அந்த அறிக்கைகளும் பொதுவில்தான் இருக்கின்றன. எனக்கு இதில் ஒரு தனி ருசி.

அப்புறம் எம்.பி. எத்தனை கேள்வி கேட்டார் என்று, எம்.பி.க்களின் செயல்பாட்டைத் தொகுக்கும் பிஆர்எஸ் தளத்தில் எண்ணிப் பார்த்து மார்க் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணிக்கையை விட எதைக் கேட்டார் என்று இங்கே வந்து பாருங்கள். 'அரசு நடவடிக்கை எடுக்குமா' என்று கேட்டவருக்குப் பத்தி வரும், 'மாவட்ட வாரியாக எவ்வளவு' என்று கேட்டவருக்கு எண் வரும்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். தமிழ் வந்தால் நாலரை.

மாமாவுக்கு அந்த இபிஎஸ் பதிலை அனுப்பி, 7,500 எல்லாம் இன்னும் இல்லை, ஆயிரம்தான் என்று சொன்னேன். "ஆயிரம்னு எனக்குத் தெரியாதாப்பா, மாசாமாசம் நான்தானே வாங்குறேன்" என்றார்.